பேட்டையும் தொழிற்பேட்டையும்

நுழையும்முன்

ஆலைகளால் பெயர் பெற்ற ஊர்கள் பல. அந்த ஆலைகளில் உழைப்போர் ஒருவரையொருவர் சந்திப்பதும், ஈட்டிய ஊதியம் பொருளாக மாறுவதும், சிற்றூரின் விளைச்சல் நகரத்தின் உணவாவதும் அவ்வூர்களின் கடைவீதிகளில்தான். தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் கருநாடகத்தை ஒட்டி வளர்ந்துவரும் ஓசூரின் கடைவீதியை வரலாறு, மொழி, தொழில் ஆகிய மூன்று நோக்கிலும் இக்கட்டுரை விளக்குகிறது.

பேட்டை என்னும் சொல்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் அடிக்கடி காணப்படும் ஈறுகளுள் ஒன்று 'பேட்டை' என்பது. கோட்டையை அல்லது பேரூரை ஒட்டி, வணிகரும் கைவினைஞரும் குடியிருந்து தொழில் நடத்திய புறநகர்ப் பகுதியே பேட்டை எனப்பட்டது. கோட்டை ஆள்வோர்க்கு உரியது. பேட்டை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் உரியது. கோட்டைக்குள் நுழைய இசைவு வேண்டும். பேட்டைக்குள் நுழையக் கையில் ஒரு பொருளோ காசோ இருந்தால் போதும்.

பேட்டைகள் பல, அங்கு நடந்த தொழிலாலோ கூடிய சந்தையாலோ பெயர் பெற்றன. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை பெயர் பெற்றது. சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை 1734ஆம் ஆண்டு நெசவாளர் குடியிருப்பாக உருவாக்கப்பட்டது. கிருட்டினகிரியில் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பழையபேட்டை இன்றும் உள்ளது. பெங்களூருவின் பழைய நகரமே 'பேட்டெ' என்றுதான் வழங்கப்பெற்றது. 1537ஆம் ஆண்டு கெம்பே கௌடா அமைத்த அந்நகரில் அரிசி விற்ற இடம் அக்கிப்பேட்டை. பருத்தி விற்ற இடம் அரளெப்பேட்டை.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் புதிய பொருளொன்றையும் ஏற்றது. பல ஆலைகள் ஓரிடத்தில் அமையும்படி நிலம், சாலை, மின்சாரம், நீர் ஆகியவற்றை அரசே திட்டமிட்டு வழங்கியபோது, அவ்விடத்துக்குத் தமிழில் 'தொழிற்பேட்டை' என்று பெயரிட்டனர். 1958ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை இதற்கு நல்ல சான்று. பழைய பேட்டை மக்கள் கூடியதால் தானே உருவானது. தொழிற்பேட்டை வரைபடத்தில் முதலில் வரையப்பட்டுப் பின்னர் மண்ணில் எழுந்தது. இவ்விரண்டும் அருகருகே அமைந்து, ஒன்றையொன்று வளர்த்த ஊர் ஓசூர்.

மேட்டுநிலத்துப் புதிய ஊர்

கிருட்டினகிரியிலிருந்து வடமேற்கே செல்லும் நெடுஞ்சாலை, மலைத்தொடரில் ஏறி ஒரு மேட்டுநிலத்தை அடைகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மேட்டுநிலத்தில் ஓசூர் அமைந்துள்ளது. பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோடையிலும் கடுமை குறைந்த வெப்பமும், குளிர்ந்த இரவும், செம்மண்ணும் இப்பகுதியின் இயல்புகள்.

'ஹொஸ' என்னும் கன்னடச் சொல்லுக்குப் 'புதிய' என்பது பொருள். 'ஹொஸ ஊரு' என்பது 'ஓசூர்' என மருவியது. பழங்கல்வெட்டுகளில் இவ்வூர் 'செவிடபாடி' என்று குறிக்கப்பெறுகிறது. ஊரின் நடுவே உயர்ந்துள்ள குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில் உள்ளது. குன்றின் அடிவாரத்தில் தேரோடும் வீதியை ஒட்டிய பகுதிக்குத் தேர்ப்பேட்டை என்றே பெயர். தேர்த்திருவிழாவின்போது தமிழ்நாட்டிலிருந்து மட்டுமின்றிக் கருநாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்குத் திரள்கின்றனர். திருவிழாவும் சந்தையும் பிரியாதவை என்பதை இப்பெயர் உணர்த்துகிறது.

இப்பகுதி பல அரசுகளின் எல்லைப்பகுதியாகவே நெடுங்காலம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போசள மன்னன் வீரராமநாதன் ஓசூருக்கு அணித்தே உள்ள குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். பின்னர் இம்மேட்டுநிலம் மைசூர் அரசின்கீழ் வந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலைக்குக் கீழே உள்ள பாராமகால் பகுதி ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைக்கு மேலே உள்ள ஓசூர்ப் பகுதியோ 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே அவர்கள் ஆட்சிக்குள் வந்து, சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருட்டினகிரி மாவட்டமும் உருவானபோது ஓசூர் அவற்றின் பகுதியாயிற்று. 2019ஆம் ஆண்டு இது மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை மாறின. ஆயினும் கேழ்வரகும் புளியும் காய்கறியும் சுமந்து மக்கள் கூடிய இடம் மாறவில்லை.

தெரிந்து தெளிவோம்

இன்று அகலப்பாதையில் தொடர்வண்டிகள் ஓடும் ஓசூருக்கு, ஒரு காலத்தில் குறுகிய இருப்புப்பாதை ஒன்று இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாதை, 1913ஆம் ஆண்டு ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941ஆம் ஆண்டு, அப்பாதை அகற்றப்பட்டது.

சாலைகள் கூடும் இடம்

கடைவீதி ஓரிடத்தில் தோன்றுவதற்குக் காரணம் சாலைகளே. ஓசூரின் நடுவிடத்திலிருந்து பாகலூர்ச் சாலை, தளிச் சாலை, தேன்கனிக்கோட்டைச் சாலை, இராயக்கோட்டைச் சாலை எனப் பல சாலைகள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் அது சென்றடையும் ஊரின் பெயரைத் தாங்கியுள்ளது. அச்சாலை வழியே ஊருக்குள் வரும் பொருளும் வெவ்வேறு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கேழ்வரகும் முட்டைக்கோசும் பூக்களும் வருகின்றன. இராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்குப் பெயர் பெற்றது. காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவற்றை ஊடறுத்துச் செல்கிறது.

பேருந்து நிலையம், மகாத்மா காந்தி சாலை, நேதாஜி சாலை, உழவர் சந்தை ஆகியவை சிறு தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை ஆகியவற்றோடு, பிற ஊர்க் கடைவீதிகளில் அவ்வளவாகக் காணப்படாத கடைகளும் ஓசூரில் உண்டு. உருளைத் தாங்கிகள், வெட்டுக்கருவிகள், அளவுமானிகள், திருகாணிகள், எந்திர எண்ணெய், தொழிலாளர்க்கான காப்புக் காலணிகள், சீருடைகள் ஆகியவற்றை விற்கும் கடைகளே அவை. ஊருக்கு வெளியே உள்ள ஆலைகளின் நிழல் இக்கடைகளில் விழுகிறது.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள் இருந்தன. கடலோரத் தொழிலும் வணிகமும் நிறைந்தது ஒன்று. அரசரும் பெருங்குடியினரும் வாழ்ந்தது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. வேறுபட்ட வாழ்க்கையினர் இருவர்க்கும் பொதுவான இடமாக அங்காடி நடுவே நின்றது. ஓசூரின் கடைவீதியும் அத்தகைய நடுவிடமே. ஒருபுறம் உழவு நிலம், மறுபுறம் ஆலை. அவ்விரு பக்கத்தாரும் நாள்தோறும் சந்திக்கும் இடம் பேட்டையே.

வயலருகே எழுந்த ஆலைகள்

ஓசூர் நெடுங்காலம் சிற்றூராகவே இருந்தது. வானம் பார்த்த நிலமும் கால்நடை வளர்ப்பும் மக்களுக்கு வாழ்வளித்தன. 1824ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி இங்குத் தொடங்கிய குதிரைப் பண்ணை, பின்னர்க் கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் மத்திகிரியில் இயங்குகிறது.

1971ஆம் ஆண்டு தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகமாகிய சிப்காட் நிறுவப்பட்டது. தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய பகுதிகளுக்கு ஆலைகளைக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். அது தேர்ந்த இடங்களுள் ஓசூரும் ஒன்று. இதற்குக் காரணங்கள் தெளிவானவை. நிலம் விலை குறைவாகக் கிடைத்தது, தட்பவெப்பம் உகந்ததாக இருந்தது, நெடுஞ்சாலை அருகிலிருந்தது. இவற்றினும் மேலாகப் பெங்களூரு அண்மையிலிருந்தது. தொலைபேசிக் கருவி, எந்திரக் கருவி, வானூர்தி ஆகியவற்றை உருவாக்கும் பொதுத்துறை ஆலைகளால் அந்நகரில் தேர்ந்த பொறியாளரும் துணைத்தொழில்களும் பெருகியிருந்தன. அத்திறனை எல்லைக்கு இப்பால் ஈர்ப்பதற்கு ஓசூர் வாயிலாயிற்று.

1980ஆம் ஆண்டு அசோக் லேலண்டு நிறுவனத்தின் கனரக வாகன ஆலை இங்குத் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனம் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு மோட்டார் மிதிவண்டியாகிய 'டி.வி.எஸ். 50'ஐ இங்கிருந்து வெளியிட்டது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984ஆம் ஆண்டு உருவாக்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் கைக்கடிகார ஆலையை நிறுவியது. ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அண்மைக் காலத்தில் மின்னணுக் கருவி ஆலைகளும் மின்சார இருசக்கர வாகன ஆலையும் மாவட்டத்தில் எழுந்துள்ளன. மின்னணு ஆலைகளில் இளம்பெண்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர்.

ஆலைகள் பெருகியதற்கேற்ப ஊரும் விரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அன்றைய நகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 1.17 இலட்சம் பேர் வாழ்ந்தனர். மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, சூசூவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகிய சுற்றுப்பகுதிகளையும் இணைத்து விரிவாக்கிய எல்லையின்படி அத்தொகை ஏறத்தாழ 2.45 இலட்சம் ஆகும்.

பேட்டையின் ஒரு நாள்

விடியும் முன்பே பூச்சந்தை விழித்துக்கொள்கிறது. சாமந்தியும் செண்டுமல்லியும் கனகாம்பரமும் மூட்டைகளாக வந்திறங்குகின்றன. ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் விளையும் ரோசாவோ பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் குளிரூட்டிய வண்டியில் பெங்களூரு வானூர்தி நிலையம் செல்கிறது. பிப்ரவரி 14ஆம் நாளை ஒட்டி இம்மலர்கள் அயல்நாடுகளிலும் விலைபோகின்றன. ஒரே மண்ணில் விளையும் பூக்களில் ஒன்று உள்ளூர்க் கோயிலுக்கும் கூந்தலுக்கும் செல்ல, மற்றொன்று கடல் கடக்கிறது.

காலை ஆறு மணியை ஒட்டிச் சாலைகளில் ஆலைப் பேருந்துகள் நிறைகின்றன. இரவுப்பணி முடிந்தோர் இறங்க, காலைப்பணிக்குச் செல்வோர் ஏறுகின்றனர். தேநீர்க் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் இவ்விரு பிரிவினர்க்கும் ஒரே நேரத்தில் உணவளிக்கின்றன. ஒருவர்க்கு அது நாளின் தொடக்கம். மற்றவர்க்கு நாளின் முடிவு. அதே வேளையில் உழவர் சந்தையில் சுற்றுவட்டார உழவர்கள் தராசைத் தூக்குகின்றனர். இடைத்தரகரின்றி உழவரே விற்கும் இத்திட்டம் 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவியது.

நண்பகலில் பட்டறைக்காரர் வருவர். ஒரு தாங்கியோ ஒரு துளைக்கருவியோ உடைந்தால் பட்டறை நின்றுவிடும். அதனை அப்போதே வாங்கியாக வேண்டும். பெருநிறுவனங்கள் மொத்தமாகவும் நேரடியாகவும் கொள்முதல் செய்ய இயலும். பத்துப்பேர் பணிபுரியும் சிறு பட்டறைக்கோ கடைவீதிதான் பண்டகசாலை. கையில் பணம் இல்லாதபோது கணக்கில் எழுதிக்கொண்டு பொருள் தருபவரும் கடைக்காரரே.

மாலையில் குடும்பங்கள் வருகின்றன. ஊதியம் கிடைக்கும் முதல் வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடக்க இடமிராது. ஒடிசா, சார்க்கண்டு, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரியும் இளைஞர்களும் இக்கூட்டத்தில் உள்ளனர். ஊருக்குப் பணம் அனுப்பவும், கைப்பேசி வாங்கவும், தம் ஊர்க் கடுகெண்ணெயைத் தேடவும் அவர்கள் பேட்டைக்கு வருகின்றனர்.

பேட்டைக்கும் தொழிற்பேட்டைக்கும் உள்ள உறவு ஆயுதபூசையன்று கண்முன் தெரிகிறது. முந்திய நாள்களில் சாமந்தியும் வாழைக்கன்றும் பூசணியும் பொரியும் கடைவீதியில் மலைபோல் குவிகின்றன. மறுநாள் அவை ஆலைகளிலும் பட்டறைகளிலும் எந்திரங்களின்மீது மாலைகளாகத் தொங்குகின்றன. எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் உண்டு. தொழிற்பேட்டையில் உருவான சிறு மோட்டார் மிதிவண்டியில்தான் காய்கறி மூட்டையும் பூக்கூடையும் பால்கலமும் ஆண்டுக்கணக்காகப் பேட்டைக்கு வந்து சேர்கின்றன.

மும்மொழி அங்காடி

ஓசூர்க் கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் இயல்பாக ஒலிக்கின்றன. விலை கேட்பவர் தமிழில் கேட்க, விற்பவர் தெலுங்கில் விடையிறுக்க, அருகில் நிற்பவர் கன்னடத்தில் பேரம் பேசுவது இங்குப் புதுமையன்று. இன்று இந்தியும் அதனோடு சேர்ந்துள்ளது.

இக்கலப்புக்கு நெடிய வரலாறு உண்டு. கருநாடகத்தை ஆண்ட போசளர், தமிழ் வழங்கிய பகுதிகளில் தமிழிலும் கல்வெட்டுப் பொறித்தனர். விசயநகர ஆட்சிக்காலத்தில் தெலுங்கு பேசுவோர் இங்குப் பெருமளவில் குடியேறினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி சென்னை மாநிலத்தில் தொடர்ந்தது. எல்லை ஓரிடத்தில் கோடாக வரையப்பட்டது. மொழிகள் கோட்டின் இருபுறமும் கலந்தே வாழ்ந்தன.

வணிகச் சொற்களே இவ்வுறவுக்குச் சான்று. தமிழில் 'அங்காடி' என்பது கன்னடத்திலும் தெலுங்கிலும் 'அங்கடி' ஆகிறது. 'சந்தை' கன்னடத்தில் 'சந்தெ' எனவும் தெலுங்கில் 'சந்த' எனவும் வழங்குகிறது. 'பேட்டை' கன்னடத்தில் 'பேட்டெ', தெலுங்கில் 'பேட்ட'. 'ஊர்' இரு மொழிகளிலும் 'ஊரு'. மூன்று மொழியினரும் சந்தைக்குச் செல்லும்போது ஏறத்தாழ ஒரே சொல்லைச் சொல்லியே செல்கின்றனர். புகாரில் பல மொழி பேசும் மக்கள் கலந்து இனிது உறைந்தனர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. அச்செய்தியைப் பாடமாகப் படிக்கும் மாணவர் அதன் நடப்பை ஓசூரில் நேரில் காணலாம்.

பேட்டையில் பயிலும் மொழி தேவையிலிருந்து பிறக்கிறது. அங்கு இலக்கணப் பிழையைப் பெரிதுபடுத்துவோர் இலர். ஆனால், கேட்பவர் மொழியில் ஒரு சொல்லேனும் பேசுவோரிடம் கூட்டம் நிற்கும். பிறர் மொழியை மதிப்பது அங்கே நாகரிகம் மட்டுமன்று. பிழைக்கும் வழியும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த முதல் இந்தியரும், பாரத ரத்னா விருது பெற்றவருமாகிய இராசாசி, ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்தார். தொடக்கத்தில் ஓசூர்ப் பள்ளியில் பயின்றார். அவர் பிறந்த இல்லம் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது.

எல்லையால் தடுக்க இயலாதவை

மாநில எல்லை வணிகத்தை நெடுங்காலம் தடுத்தும் நிறுத்தியும் வந்தது. இருபுறமும் வரி விகிதங்கள் வேறுபட்டன. சூசூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் சோதனைச் சாவடிகளின் முன் சரக்குந்துகள் ஆவணங்களோடு காத்து நின்றன. 2017ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. பொருள்கள் எளிதாக எல்லை கடந்தன. ஆனால், எளிதாகக் கடப்பவை பொருள்கள் மட்டுமல்ல.

பெங்களூருவின் மின்னணு நகரம் ஓசூர்ச் சாலையில்தான் உள்ளது. அந்நகரத்தின் விரிவு எல்லையை நோக்கி நகர்ந்தவண்ணம் உள்ளது. வாடகை குறைவு என்பதால் ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூருவில் பணிபுரிவோர் உள்ளனர்; ஓசூரில் ஈட்டிய ஊதியத்தைப் பெங்களூருவின் பேரங்காடிகளில் செலவிடுவோரும் உள்ளனர். இரவில் உறங்குவதற்கு மட்டும் ஓர் ஊர் பயன்படுமானால், அது மற்றொரு நகரின் புறநகராகிவிடும். தனக்கென ஒரு நடுவிடம் உள்ளவரைதான் அது தனி ஊராக நிலைபெறும். ஓசூரை ஓசூராக வைத்திருப்பதில் அதன் கடைவீதிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆறும் எல்லையை அறியாது. கருநாடகத்தில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி வயல்களுக்குப் பாய்கிறது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் இவ்வாற்றில்தான் கலக்கிறது. நகரக் கழிவு மிகும்போது அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை பொங்குகிறது. நகரம் ஒன்றின் வளர்ச்சிக்கான விலையை ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள உழவர் தருகிறார். அந்த உழவர் விளைவித்த கீரையும் காய்கறியுமே பேட்டைக்கு வருகின்றன. ஆதலால் நீரின் தூய்மை உழவர்க்கு மட்டும் உரிய கவலையன்று.

பேட்டை எதிர்கொள்ளும் சிக்கல்கள்

ஆலையை நம்பிய கடைவீதி, ஆலை தும்மினால் நடுங்குகிறது. 2019ஆம் ஆண்டு நாடெங்கும் வாகன விற்பனை சரிந்தபோது ஆலைகள் பணிநாள்களைக் குறைத்தன. பட்டறைகளுக்கு வேலை குறைந்தது. கடைவீதியில் விற்பனை குறைந்தது. மறு ஆண்டு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஆலைகள் மூடப்பட்டு, வெளிமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்பினர். அந்நாள்களில் மக்களின் உணவுத்தேவையை நிறைவு செய்தது சுற்றுப்புற உழவரின் விளைச்சலே. ஒரே தொழிலைச் சார்ந்து நிற்கும் ஊர் எளிதில் தளரும். உழவும் தொழிலும் வணிகமும் ஒன்றையொன்று தாங்கும் ஊர் தளர்ந்தாலும் நிமிரும்.

இடநெருக்கடி மற்றொரு சிக்கல். மாட்டுவண்டிக்கு வகுத்த வீதிகளில் இன்று மகிழுந்துகள் நெருக்குகின்றன. சாலையை அகலமாக்கும்போது முதலில் இடம் இழப்பவர் சாலையோர வணிகர். தள்ளுவண்டியில் பழம் விற்பவரும், நடைபாதையில் பூத்தொடுக்கும் பெண்ணும் போக்குவரத்துக்கு இடையூறு என்று கருதப்படுகின்றனர். நடப்போர்க்கு வழி வேண்டும் என்பது உண்மையே. குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளி தனக்குக் கட்டுப்படியாகும் விலையில் பொருள் வாங்குவது அவர்களிடம்தான் என்பதும் அதே அளவு உண்மை.

இவ்விரு நியாயங்களையும் இணைக்க முயல்வது 2014ஆம் ஆண்டின் சாலையோர வணிகர்கள் சட்டம். இச்சட்டப்படி வணிகர்களைக் கணக்கெடுத்து, சான்று வழங்கி, விற்பதற்கு உரிய இடங்களை வரையறுக்க வேண்டும். இதற்கென அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பங்கினர் வணிகர்களின் சார்பாளராக இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். யாருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுக்கிறோமோ அவரையும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்துவதே இச்சட்டத்தின் உட்கருத்து.

இணையவழி வணிகமும் கடைவீதியின் வருவாயைப் பங்கிட்டுக்கொள்கிறது. கைப்பேசியில் தேர்ந்தெடுத்த பொருள் வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகிறது. நேரம் குறைந்த ஆலைத் தொழிலாளிக்கு அது பெரும் உதவி. ஆனால், வேலையிழந்த மாதத்தில் கணக்கில் எழுதிப் பொருள் தரும் உறவை அவ்வணிகத்தில் காண்பது அரிது. எதை எங்கே வாங்குகிறோம் என்பது பணத்தைச் செலவிடும் முடிவு மட்டுமன்று; எத்தகைய ஊரில் வாழ விரும்புகிறோம் என்னும் முடிவும் ஆகும்.

நடுவிடம் காத்தல்

தொழிற்பேட்டை ஓர் ஊருக்கு வேலையைத் தருகிறது. அவ்வேலையால் வந்து சேர்ந்தோரை அவ்வூராராக மாற்றுவது பேட்டை. ஆலையின் வாயிலில் அடையாள அட்டை கேட்கப்படுகிறது. கடைவீதியில் 'என்ன வேண்டும்?' என்பதே கேட்கப்படுகிறது. உழவரும் பொறியாளரும், உள்ளூராரும் வெளியூராரும், தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் அக்கேள்வியின்முன் நிகரானோர்.

புதிய ஆலைகளுக்கு நிலம் ஒதுக்கத் திட்டமிடும்போது, நிழலுள்ள நடைபாதைக்கும், சாலையோர வணிகர்க்கும், உழவர் சந்தைக்கும், ஊர் ஏரிக்கும் இடம் ஒதுக்குவதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். ஓசூருக்கு இது இன்றே எழுந்துள்ள தேவை. தொழில் வளர்ச்சியை நோக்கி விரையும் தமிழ்நாட்டின் பிற சிறுநகரங்களுக்கு நாளை எழப்போகும் தேவை. தன் பேட்டையைக் காத்துக்கொண்டே தொழிற்பேட்டையை வளர்க்கும் ஊரில்தான், வேலை தேடி வருபவர் ஒரு நாள் அதனைத் தம் ஊர் என்று சொல்வார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள கடைவீதி அல்லது வாரச்சந்தைக்குச் சென்று, அங்கு விற்கப்படும் பொருள்கள் எவ்வெவ் ஊர்களிலிருந்து வருகின்றன என்பதைக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. 'பேட்டை' என முடியும் ஊர்ப்பெயர்கள் பத்தினைத் திரட்டி, அப்பெயர்களுக்கான காரணத்தைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

3. சிலப்பதிகாரம் காட்டும் நாளங்காடியையும் உங்கள் ஊர்க் கடைவீதியையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

4. 'சாலை அகலமாதல் வேண்டும்', 'சாலையோர வணிகர்க்கு இடம் வேண்டும்' என்னும் இரு கருத்துகளையும் இணைக்கும் வழிகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.